பரணில் கிடந்த லேப்டாப்புக்கு இளைத்த விண்டோஸ்

தீபாவளி முடிந்து காலண்டர் வேலை மும்முரமாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா ஒரு மஞ்சப்பையோடு கடைக்கு வந்தாள். பைக்குள் அரசு கொடுத்த லேப்டாப். 2013-இல் அவள் மகள் பிளஸ் டூ படித்தபோது கிடைத்தது. மூடியில் அரசு முத்திரை இன்னும் பளிச்சென்று இருந்தது. சார்ஜர் வயரில் மூன்று இடத்தில் இன்சுலேஷன் டேப். "பழைய சாமான்காரன் முந்நூறு ரூபாய் தர்றேங்கிறான். போட்டுரவா, இல்ல உன் சின்னவனுக்கு ஆகுமா பாரு" என்றாள்.

நான் சிவகாசியில் பதினெட்டு வருஷமாக டிடிபி வேலை பார்க்கிறவள். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், தினசரி காலண்டர் தாள் என்று பக்கம் போடுவதுதான் தொழில். கம்ப்யூட்டர் ரிப்பேர் என் வேலை இல்லை. ஆனால் கடையில் நான்கு சிஸ்டம் இருக்கிறது. சீசனில் ஒன்று படுத்துவிட்டால் சர்வீஸ் ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது. அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். பழைய மெஷினுக்கு 'லைட்' விண்டோஸ், அதாவது தேவையில்லாததை எடுத்து இளைக்க வைத்த விண்டோஸ், போடுவதை இதுவரை ஐந்து முறை செய்திருக்கிறேன். அதில் இரண்டு முறை தப்பாக. இந்த லேப்டாப்பில் என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடந்தால் உதவும்.

முதலில் மெஷின் தேறுமா என்று பாருங்கள்

இந்த மெஷினில் இரண்டாம் தலைமுறை இன்டெல் பென்டியம், 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டுடிஸ்க். வரும்போது விண்டோஸ் 7-ம், அதற்கு மாற்றான பாஸ் லினக்ஸும் இருந்தன. 2018-இல் யாரோ விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆன் செய்து, டெஸ்க்டாப் வந்து, ஒரு ஃபோல்டர் திறப்பதற்குள் நான் ஒரு டீ குடித்து முடித்துவிட்டேன். அது பரணுக்குப் போனதில் ஆச்சரியமே இல்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. உங்கள் மெஷினில் விண்டோஸ் 10 ஓரளவு ஓடிக்கொண்டிருந்தால், வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கொள்ளும் நீட்டிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்துகொண்டு சும்மா இருங்கள். ஓடுகிற வண்டியைப் பிரிக்க வேண்டாம். ஓடாத வண்டிக்குத்தான் இந்த வேலை.

முறைப்படி விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், ஆன் ஆகும்போதே நம்பகமான விண்டோஸ்தானா என்று சோதிக்கும் செக்யூர் பூட் எல்லாம் கேட்பான். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் ஏமாற்றிவிடலாம். ஏமாற்ற முடியாத ஒன்று பிராசசருக்குள் இருக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுப்பு பிராசசரில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத கோர் 2 டுவோ மெஷின்களில் என்ன தந்திரம் செய்தாலும் பூட்டே ஆகாது. இன்டெல்லில் ஐ3, ஐ5 என்று பெயர் வரத் தொடங்கியதிலிருந்து அது இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் சிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளைப் போட்டு, 'இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' வரியைப் படியுங்கள். அதில் எஸ்எஸ்இ 4.2 இருந்தால் மேலே படிக்கலாம். இல்லையென்றால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

விண்டோஸைத் தொடுவதற்கு முன் ஸ்க்ரூ டிரைவர்

இதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். லைட் விண்டோஸ் போட்டால் பழைய லேப்டாப் பறக்கும் என்று வீடியோ வீடியோவாகப் போடுகிறார்கள். பாதி வீடியோக்களில் உள்ளே எஸ்எஸ்டி, அதாவது சுழலாத வேகமான டிஸ்க், இருக்கும். அதை மட்டும் சொல்ல மாட்டார்கள். பழைய சுழலும் ஹார்டுடிஸ்க்கை வைத்துக்கொண்டு எவ்வளவு இளைத்த விண்டோஸ் போட்டாலும் அது நடக்கும், ஓடாது.

நான் செய்தது: 4 ஜிபி டிடிஆர்3 லேப்டாப் ராம் ஒன்று, பழையது, மதுரையில் அறுநூறு ரூபாய்க்கு வாங்கினேன். 128 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று கடையில் ஏற்கெனவே சும்மா கிடந்தது. ராம் வாங்கும்போது டிடிஆர்3, டிடிஆர்3எல் என்று இரண்டு சொல்வார்கள். 'எல்' போட்டது 1.35 வோல்ட்டிலும் ஓடும், பழைய 1.5 வோல்ட்டிலும் ஓடும். 'எல்' இல்லாதது 1.5 வோல்ட்டில் மட்டும்தான் ஓடும். அதனால் குழப்பமாக இருந்தால் 'எல்' வாங்கிவிடுங்கள்.

பின்மூடியைக் கழற்றியபோது ஃபேன் வாயில் தூசி கம்பளி மாதிரி சுருண்டு அடைத்திருந்தது. பக்கத்து தையல் கடை அண்ணனிடம் புளோயர் வாங்கி ஊதினேன். ஊதும்போது ஃபேனை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தறிகெட்டுச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். அப்புறம் போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி, கைக்கடிகார பேட்டரி மாதிரி கொஞ்சம் பெரியது, அதையும் மாற்றிவிட்டேன். அது செத்திருந்தால் தேதி ஒவ்வொரு முறையும் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பிரவுசரில் பாதி வெப்சைட் திறக்காது. ஆளுக்கு ஆள் வைரஸ் என்பார்கள். காரணம் ஒரு சின்ன பேட்டரியாக இருக்கும்.

பழைய டிஸ்க்கிலிருந்த அக்கா மகளின் போட்டோக்களை முதலில் வேறு டிஸ்க்கில் காப்பி செய்து வைத்தேன். அதில் அவள் ஸ்கூல் டூர் படங்கள் இருந்தன. அக்கா அன்று ராத்திரி முழுக்க அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

இன்னொன்று. பழைய விண்டோஸை அழிப்பதற்கு முன்பே செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'டிஜிட்டல் லைசென்ஸ்' மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று இருந்தால் அதிர்ஷ்டம். அந்த உரிமை மதர்போர்டோடு சேர்த்துப் பதிவாகியிருக்கிறது. அதே மெஷினில் அதே வகை விண்டோஸ் 11 போட்டு இன்டர்நெட் கொடுத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஹோம் என்றால் ஹோம், ப்ரோ என்றால் ப்ரோ. மாற்றிப் போட்டால் ஆகாது. இந்த மெஷினில் ஹோம் இருந்தது. ஒரு துண்டுத்தாளில் எழுதிவைத்தேன். மெஷினில் வெறும் விண்டோஸ் 7 மட்டும் இருந்தால், அந்தப் பழைய கீயை வைத்துப் புதியதை ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அடைத்துவிட்டது. இளைத்த விண்டோஸ் என்பது இலவச விண்டோஸ் இல்லை. லைசென்ஸ் தனி விஷயம்.

வாங்கிய ஐஎஸ்ஓ வேண்டாம், நாமே செய்வோம்

ஐஎஸ்ஓ என்றால் இன்ஸ்டால் சிடி முழுவதும் ஒரே ஃபைலாக இருப்பது. அப்படிக் கிடைக்கும், அதிகாரபூர்வமில்லாத இளைத்த விண்டோஸ்கள் நிறைய உண்டு. அதிகம் பேர் கேள்விப்பட்டது டைனி11. என்டிடெவ் என்ற பெயரில் எழுதும் ஒருவர் 2023 பிப்ரவரியில் வெளியிட்டார். 2 ஜிபி ராம், 8 ஜிபி இடம் போதும் என்று வந்ததால் பெரிய பேச்சாகிவிட்டது. அவரே விண்டோஸ் 10-ஐ வைத்து டைனி10 என்றும் செய்திருக்கிறார். இதைத் தவிர லைட், சூப்பர் லைட், கேமிங் எடிஷன் என்று டொரன்ட்டில் ஆயிரம் கிடக்கும்.

நான் முதன்முதலில் போட்டது அப்படி ஒரு டொரன்ட் சரக்குதான். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு பிரிண்டர் சேர்க்கப் பார்த்தால் பிரிண்டருக்கு வேலையை அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர் என்ற சர்வீஸையே பிடுங்கிவிட்டிருக்கிறார் அதைச் செய்த புண்ணியவான். கேம் விளையாடுகிறவனுக்குப் பிரிண்டர் எதற்கு என்று நினைத்திருப்பார் போல. பத்திரிகை அடிக்கிற கடையில் பிரிண்டர் இல்லாத கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எதை எடுத்தார், எதை வைத்தார் என்று ஒரு பட்டியலும் இல்லை. எடுத்தது போகட்டும், எதைச் சேர்த்தார் என்பதும் தெரியாது. 2023 ஜூனில் டாக்டர் வெப் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம், டொரன்ட்டில் சுற்றிய சில விண்டோஸ் 10 ஐஎஸ்ஓக்களைப் பிரித்துப் பார்த்தது. கிரிப்டோ பணம் அனுப்பும்போது முகவரியை மாற்றிவிடும் திருட்டு நிரல் உள்ளே இருந்தது. மெஷின் பூட் ஆகத் தேவையான ஃபைல்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் அது பயன்படுத்தியது. ஆன்டிவைரஸ் வழக்கமாக அந்த இடத்தைத் தேடுவதே இல்லை.

அதனால் அடுத்தவர் செய்த ஐஎஸ்ஓவை இப்போது தொடுவதில்லை. மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து நேராக முழு விண்டோஸை எடுத்து, நம் கையாலேயே இளைக்க வைக்கலாம். அதற்கு என்டிடெவ்வே 'டைனி11 பில்டர்' என்று ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது விண்டோஸ் வரிசையாகச் செய்ய வேண்டிய கட்டளைகளின் பட்டியல், கொடுத்திருக்கிறார். அது வெறும் எழுத்து ஃபைல். நோட்பேடில் திறந்தால் எதை எதை நீக்கப்போகிறது என்று வரிவரியாகப் படிக்கலாம். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் நீக்கப்போகும் ஆப்களின் பெயர்ப் பட்டியலைப் படிக்க நிரல் தெரிய வேண்டியதில்லை. அட்லஸ் ஓஎஸ் என்று இன்னொரு இளைத்த விண்டோஸ் செய்கிறவர்களும் முதலில் ஐஎஸ்ஓவாகக் கொடுத்துவிட்டு, பிறகு சொந்த விண்டோஸ் மேலேயே ஓடவிடும் முறைக்கு மாறிவிட்டார்கள்.

வேலையை நல்ல சிஸ்டம் ஒன்றில் வைத்துச் செய்யுங்கள். 30 ஜிபியாவது காலியாக இருக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸ் 11-க்கான ஐஎஸ்ஓவை டவுன்லோட் செய்யுங்கள். 5 ஜிபிக்கு மேல் வரும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். அதன் மேல் டபுள் கிளிக் செய்தால் சிடி போட்ட மாதிரி ஒரு புது டிரைவ் தோன்றும். அந்த டிரைவின் எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் டைனி11 பில்டர் பக்கத்திலிருந்து ஜிப் ஃபைலை எடுத்துப் பிரித்து வையுங்கள். என்டிடெவ்வின் பெயரில் இருக்கும் பக்கம்தானா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். பெயரைக் காப்பியடித்தவர்கள் இருப்பார்கள்.

பிறகு பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். விண்டோஸ் பொதுவாக இந்த மாதிரி ஸ்கிரிப்ட்டை ஓடவிடாது. அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் தடையை விலக்கும் கட்டளை அதே பக்கத்தில் இருக்கிறது. அப்படியே காப்பி செய்து ஒட்டினால் போதும். ஜன்னலை மூடியதும் தடை திரும்ப வந்துவிடும். ஸ்கிரிப்ட் டிரைவ் எழுத்தைக் கேட்கும், கொடுங்கள். ஹோமா ப்ரோவா என்று ஒரு எண் பட்டியல் காட்டும். துண்டுத்தாளில் எழுதியது இங்கேதான் தேவைப்படும்.

அப்புறம் கறுப்பு ஜன்னலில் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். என் கடை சிஸ்டத்தில் ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் நின்றுவிட்ட மாதிரி தோன்றும், மூடிவிடாதீர்கள். செய்தி, வானிலை, சாலிடேர், எக்ஸ்பாக்ஸ், மேப், ஒன்டிரைவ், எட்ஜ் பிரவுசர் என்று எடுத்துக்கொண்டே போகும். டிபிஎம், ராம் சோதனைகளையும், இன்ஸ்டால் செய்யும்போது மைக்ரோசாஃப்ட் கணக்குக் கேட்டு அடம்பிடிப்பதையும் இதே ஸ்கிரிப்ட் ஓரங்கட்டிவிடும். முடிந்ததும் அதே ஃபோல்டரில் ஒரு புது ஐஎஸ்ஓ இருக்கும்.

நான் செய்த தப்பு: கோர்

அந்த ஜிப்புக்குள் இரண்டு ஸ்கிரிப்ட் இருக்கும். ஒன்று சாதாரண டைனி11. இன்னொன்று 'கோர்'. கோர் இன்னும் சின்னதாக வரும். போன வருஷம் கடையில் ஒரு பழைய சிஸ்டத்துக்குப் போட வேண்டியிருந்தபோது, சின்னது என்றால் வேகம்தானே என்று கோரைத் தேர்ந்தெடுத்தேன்.

விண்டோஸுக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதை உதிரிபாகக் கிடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். புது மொழி சேர்ப்பது, வசதி சேர்ப்பது, மாதாந்திர அப்டேட் போடுவது எல்லாவற்றுக்கும் பாகம் அங்கிருந்துதான் வரும். அது பல ஜிபி பிடிக்கும். கோர் செய்யும் காரியம் அந்தக் கிடங்கையே இடித்துத் தரைமட்டமாக்குவது. விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரையும் நிறுத்திவைத்துவிடும். ஓடுகிறவரை ஓடும், பிறகு எதையும் சேர்க்க முடியாது.

கோர் செய்யும்போது ஓரிடத்தில் நிறுத்தி, டாட்நெட் 3.5 வேண்டுமா என்று கேட்கும். அது என்ன பூதம் என்று தெரியாமல் 'வேண்டாம்' என்றேன். விண்டோஸ் போட்டு, டிசைன் செய்யும் கோரல்டிராவும் பக்கம் போடும் பேஜ்மேக்கர் 7-ம் போட்டு, எல்லாம் ஜம்மென்று இருந்தது. கடைசியில் பில் போடும் பழைய மென்பொருளை இன்ஸ்டால் செய்தால் "டாட்நெட் 3.5 தேவை" என்று வந்து நின்றது. சாதாரண விண்டோஸில் ஒரு டிக் போட்டால் அது தானே இறங்கிவிடும். இங்கே டிக் போட்டால் எர்ரர் எண். மறுபடி போட்டேன், மறுபடி எர்ரர். ராத்திரி பதினொன்றரை மணிக்குத்தான் புரிந்தது, நானேதான் மாலை நான்கு மணிக்கு 'வேண்டாம்' என்று சொன்னேன் என்று. காலையில் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து.

ஆகவே சாதாரண டைனி11-ஐ மட்டும் போடுங்கள். அதில் கிடங்கு இருக்கும், டிஃபெண்டர் இருக்கும், மாதாந்திர அப்டேட்டும் வரும். சோதனை செய்து பார்க்க, இன்டர்நெட் இல்லாமல் ஒரே ஒரு வேலைக்கு ஒதுக்கிவைக்க என்றால் கோர் இருக்கட்டும். பேங்க், ஃபீஸ் கட்டுவது, ஸ்காலர்ஷிப் படிவம் என்று எதற்காவது பயன்படுத்தப்போகிற மெஷினில் கோர் கூடவே கூடாது.

பென்டிரைவும் இன்ஸ்டாலும்

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுத்து பென்டிரைவை இன்ஸ்டால் சிடி மாதிரி ஆக்கும் ரூஃபஸ் மென்பொருளில் அந்த ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்தான் பயாஸ். இந்த மெஷின் பழைய பயாஸ் வகை என்பதால் 'எம்பிஆர்' தேர்ந்தெடுத்தேன். பயாஸுக்குப் பதில் புது வகையான யுஇஎஃப்ஐ உள்ள மெஷினுக்கு 'ஜிபிடி'. ரூஃபஸ் தொடங்கும் முன் டிபிஎம்மை நீக்கவா, அதை நீக்கவா என்று ஒரு பெட்டி காட்டினால் எதையும் டிக் செய்ய வேண்டாம்; அதெல்லாம் ஏற்கெனவே முடிந்த வேலை.

பயாஸில் போய் டிஸ்க் மோடு 'ஏஎச்சிஐ' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மெஷின்கள் சிலவற்றில் 'ஐடிஇ' என்று வைத்திருப்பார்கள். எஸ்எஸ்டி போட்டும் வேகம் வராததற்கு அது ஒரு காரணம். பென்டிரைவிலிருந்து பூட் செய்ய பயாஸில் வரிசையை மாற்றாதீர்கள். மாற்றினால், இன்ஸ்டால் நடுவில் ரீஸ்டார்ட் ஆகும்போது மறுபடி பென்டிரைவுக்கே போய், முதல் பக்கத்திலேயே வந்து நிற்கும். என் பையன் மூன்று தடவை முதல் பக்கத்தையே பார்த்துவிட்டு "அம்மா, இது சுத்திச் சுத்தி வருது" என்று கூப்பிட்டான். ஒரே ஒரு முறைக்கான பூட் மெனு எல்லா மெஷினிலும் உண்டு. லெனோவோ, டெல், ஏசர் என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. ஏசரில் மட்டும் எஃப்12 மெனுவை பயாஸில் முதலில் எனேபிள் செய்ய வேண்டியிருக்கும்.

இன்ஸ்டாலில் சொல்ல ஒன்றுமில்லை. எஸ்எஸ்டியின் பார்ட்டிஷன்களை அழித்துவிட்டு, காலி இடத்தைக் காட்டி நெக்ஸ்ட் கொடுங்கள். இருபத்தைந்து நிமிடத்தில் டெஸ்க்டாப் வந்துவிட்டது.

டெஸ்க்டாப் வந்த பிறகான ஒரு மணி நேரம்

முதலில் ஒரு வேடிக்கை. பிரவுசர் இருக்காது. எட்ஜைத்தான் எடுத்துவிட்டோமே! வேறு பிரவுசர் இறக்க பிரவுசர் வேண்டும். அதனால் ஃபயர்ஃபாக்ஸோ குரோமோ, முழு ஆஃப்லைன் இன்ஸ்டாலரை முன்கூட்டியே இன்னொரு பென்டிரைவில் எடுத்துவையுங்கள்.

அடுத்து வைஃபை வராது. பழைய வைஃபை கார்டுக்கு டிரைவர் இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். இதற்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் சொருகி, ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். போன் ஒரு நெட்வொர்க் கார்டு மாதிரி தெரியும். டிரைவர் தனியாக வேண்டியதில்லை. அப்படியே விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டேன். வைஃபை டிரைவர், இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர் எல்லாம் அதுவே கொண்டுவந்து போட்டது. கிராஃபிக்ஸ் டிரைவர் விழுந்ததா என்று டிவைஸ் மேனேஜரில் பாருங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றே இருந்தால் விழவில்லை என்று அர்த்தம். ஸ்க்ரீன் வெளிச்சம் குறையாது, வீடியோ திக்கும், மூடியை மூடினால் தூங்காது. இளைத்த விண்டோஸைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் உண்மையில் திட்ட வேண்டியது இந்த டிரைவரை.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம், தமிழ். யூனிகோட் தமிழைப் படிக்க நிர்மலா எழுத்துரு இதிலேயே இருக்கிறது, கட்டம் கட்டமாகத் தெரியாது. ஆனால் லதா என்ற பழைய தமிழ் எழுத்துரு இருக்காது. இது டைனி11-இன் குற்றம் இல்லை. விண்டோஸ் 10-இலிருந்தே லதாவையும் விஜயாவையும் மைக்ரோசாஃப்ட் கூடுதல் வசதிப் பட்டியலுக்குத் தள்ளிவிட்டது. பத்து வருஷத்துக்கு முன் வேர்டில் அடித்த தமிழ்க் கோப்புகளில் பெரும்பகுதி லதாவில்தான் இருக்கும். அதைத் திறந்தால் வேறு எழுத்துருவில் காட்டும். வரி உடையும், பக்கம் தள்ளிப்போகும், இரண்டு பக்கக் கடிதம் இரண்டே கால் பக்கமாக நிற்கும். என் பையனின் டியூஷன் நோட்ஸ் அப்படித்தான் தாறுமாறாகத் திறந்தது. செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' போய், தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்று தேடிச் சேர்த்தால் லதா வந்து உட்கார்ந்துவிடும். கிடங்கை இடிக்காமல் வைத்ததன் பலன் இங்கேதான் தெரிந்தது.

தட்டச்சுக்கு விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும். டைப்ரைட்டர் பழக்கக்காரர்கள் என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். நான் பிந்தைய ரகம். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிய விரல் இனி மாறாது.

கடைசியாக பிரிண்டரில் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். பிரிண்டர் இப்போது வேண்டாம் என்றாலும் அடித்துப் பாருங்கள்.

எல்லாம் முடிந்து டாஸ்க் மேனேஜர் பார்த்தபோது சும்மா இருக்கையில் 1.5 ஜிபி ராம் பிடித்திருந்தது. பழைய 2 ஜிபியோடு விட்டிருந்தால் பிரவுசரில் இரண்டு டேப் திறந்ததும் மூச்சு முட்டியிருக்கும். 2 ஜிபியில் ஓடும் என்பது உண்மைதான். ஓடும் என்பதற்கும் வேலை செய்யலாம் என்பதற்கும் நடுவில் ஒரு அறுநூறு ரூபாய் இருக்கிறது.

இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். 'டீபிளோட்' ஸ்கிரிப்ட், ரெஜிஸ்ட்ரி கிளீனர், 'ராம் பூஸ்டர்' என்று ஒன்றன் மேல் ஒன்று போடுகிறவர்கள் உண்டு. ஏற்கெனவே இளைத்த உடம்பை மறுபடி பட்டினி போடுகிற கதை. ராம் போதாதபோது டிஸ்க்கில் இடம் எடுத்துக்கொள்ளும் பேஜிங் ஃபைலை நிறுத்தினால் வேகம் கூடும் என்பார்கள். ராம் குறைவான மெஷினில் அதை நிறுத்தினால் மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். அப்டேட்டை நிறுத்தாதீர்கள். மாதாந்திர அப்டேட் வந்தால் நீக்கிய ஆப் ஒன்றிரண்டு திரும்ப முளைக்கும். வலது கிளிக் செய்து நீக்கிவிட்டுப் போங்கள். வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு மட்டும் இந்த மாதிரி மெஷினுக்குத் தானாக வராது. அப்போது புது ஐஎஸ்ஓ எடுத்து மறுபடி இதே வேலைதான். என்ன தகராறு வந்தாலும் மைக்ரோசாஃப்ட்டிடம் போய் நிற்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

விண்டோஸ் ஏறாத மெஷினுக்கு

கோர் 2 டுவோ, பழைய ஏடம் நெட்புக் என்றால் இளைத்த விண்டோஸ் 11-க்கு வழி இல்லை. டைனி10 ஏறும், அதில் 32 பிட் வகையும் உண்டு. ஆனால் அது அடுத்தவர் செய்துவைத்த ஐஎஸ்ஓ, அடியில் இருக்கும் விண்டோஸுக்கும் வயதாகிவிட்டது. நெட்டைக் கழற்றிவிட்டு பேஜ்மேக்கருக்கு மட்டும் என்றால் போடலாம். நெட் வேண்டுமென்றால் லினக்ஸ்தான். 64 பிட் பிராசசரும் 2 ஜிபி ராமும் இருந்தால் எம்எக்ஸ் லினக்ஸ் அல்லது லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ வகை. அதையும்விட மெலிந்த மெஷினுக்கு ஆன்டிஎக்ஸ் அல்லது பப்பி. வெறும் 32 பிட் மெஷின் என்றால் சீக்கிரம் முடிவெடுங்கள். 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் மெஷினுக்கான இன்ஸ்டாலரையே நிறுத்திவிட்டார்கள். அதை நம்பியிருக்கும் மற்றவையும் ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. தமிழ் அடிக்க, லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, டைப்ரைட்டர் இரண்டும் கிடைக்கும். எங்கள் தெரு டீக்கடையில் பாட்டுப் போட ஒரு நெட்புக் பப்பியில்தான் ஓடுகிறது.

அக்கா கொண்டுவந்த லேப்டாப்பின் அடியில் ஒரு ஸ்டிக்கர் அடித்து ஒட்டினேன்: எந்தப் பதிப்பு, எந்தத் தேதியில் செய்த ஐஎஸ்ஓ, ஹோமா ப்ரோவா, என்னென்ன எடுத்தாயிற்று, லதா சேர்த்தாயிற்று என்று சின்ன எழுத்தில். அடுத்து அதைத் திறந்து பார்க்கிற ஆள் நானாக இல்லாமலும் இருக்கலாமே. சின்னவன் இரண்டே நாளில் அதைக் கிழித்துவிட்டு அந்த இடத்தில் தோனி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான். இப்போது அதே பட்டியலை பேட்டரியைக் கழற்றி, உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.